கேக்கா, ஜாமா, சாக்லேட்டா, கம்பளிக் குல்லாவா? வீட்டுக்கும் பொதுக் காரியத்துக்கும் எதைச் செய்யலாம்

கோத்தகிரியில் இருக்கும் என் தங்கை மகள் போன வாரம் போன் செய்தாள். "பெரியம்மா, இந்த வருஷம் கேக் போடலாமா, சாக்லேட் போடலாமா? இல்ல, ரெண்டும் வேண்டாம், ஜாமே போதுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். குன்னூரில் எங்கள் வீட்டில் செப்டம்பர் கடைசியில் ஆண்டுதோறும் எழும் கேள்விதான் இது. அக்டோபர் நடுவில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் கரண்ட்டை நம்ப முடியாது. கேக்குக்குப் பழம் ஊற வைப்பதென்றாலும் இப்போதே ஊற வைக்க வேண்டும். ஆகவே முடிவு இந்த வாரமே எடுத்தாக வேண்டும்.

இந்த முறை காரியம் இதுதான். பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயனில் உள்ள பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கும் அறையின் தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மழைக்காலத்தில் பிள்ளைகள் பாதி அறையில் ஒடுங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். மாற்றுவதற்கு 30,000 ரூபாய் ஆகும் என்று வேலைக்காரர் கணக்குச் சொன்னார். நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து டிசம்பர் மூன்றாவது ஞாயிறு ஒரு சிறிய விற்பனை வைக்கப்போகிறோம். அதோடு, எப்போதும்போல் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கைப்பட ஏதாவது செய்து கொடுக்கவும் வேண்டும். எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். அதனால் போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறிலிருந்து தொடங்குகிறேன். ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு முதியோர் இல்லத்துக்குப் பத்து கிலோ கேக் செய்து எடுத்துப் போனேன். மூன்று இரவு கண் விழித்துச் செய்தது. அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, இங்க பாதிப் பேருக்குச் சுகர். ஒரு சின்னத் துண்டு கொடுத்தாலும் இன்னொண்ணு கேட்பாங்க, எங்களால மறுக்கவும் முடியாது" என்றார். "அப்போ என்ன தேவைப்படுது சிஸ்டர்?" என்று கேட்டேன். "ராத்திரி தலைக்குக் குளிர் தாங்கல. குல்லா இருந்தா நல்லாயிருக்கும்" என்றார். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்கிறேன். சாப்பிடுகிறவர் ஒருவர், பயனடைகிறவர் இன்னொருவர். கேக்கை விரும்பி வாங்குகிறவரிடம் விற்றால் அது குல்லாவாகவோ கூரையாகவோ மாறித் தேவைப்படுகிறவருக்குப் போய்ச் சேரும். அவரிடமே கேக்கை நேராகக் கொண்டுபோய் நிற்பதென்றால் அவருக்கு அது வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். கீழே நான் ஒவ்வொன்றையும் எடைபோடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மனம் அங்கேதான் போகிறது. என் அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசம் பக்கத்து வீட்டுக்குப் போகும், கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டு ஆன்ட்டியின் பிளம் கேக் எங்கள் வீட்டுக்கு வரும். தகர டப்பாவைத் திறந்ததும் வரும் அந்த வாசம்தான் நான் கேக் செய்யக் கற்றுக்கொண்டதற்கே காரணம். பிளம் பழம் காய்க்கிற ஊரில் வளர்ந்ததால், இதில் பிளம் எங்கே என்று தேடிப் பார்த்திருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையையும் பிளம் என்றே சொல்வார்களாம். பேர் அப்படியே நின்றுவிட்டது.

மலையில் கேக் செய்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சமவெளிக்காக எழுதப்பட்ட அளவு இங்கே அப்படியே சரிப்படாது என்பது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு இங்கே அதிகமாக விரியும். முட்டையும் மாவும் வெந்து இறுகுவதற்கு முன்பே கேக் ஜம்மென்று எழும்பிவிடும், பிறகு நடுவில் குழி விழுந்து அமுங்கும். தண்ணீரும் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் மாவில் சர்க்கரையின் செறிவு கூடி, கேக்கின் கட்டுமானம் இன்னும் தளர்ந்துபோகும். ஊட்டியில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், இது இன்னும் மோசம். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல்தான், அங்கிருப்பவர்களுக்கும் இதே கதை.

நான் செய்வது இது. சாதாரண ஸ்பாஞ்ச் கேக் என்றால், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சொல்லியிருந்தால் முக்கால் ஸ்பூன் போடுவேன். ஒரு கப் சர்க்கரைக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் குறைப்பேன். பாலை இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கூட்டுவேன். 180 டிகிரி என்றால் 190 வைப்பேன், சீக்கிரம் இறுகட்டும் என்று. இதையெல்லாம் செய்தும் ஸ்பாஞ்ச் சில நாள் ஏமாற்றும். விற்பனைக்கு ஸ்பாஞ்சும் கிரீம் கேக்கும் வேண்டவே வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். கிரீம் கேக் மறுநாளே போய்விடும் என்பது இன்னொன்று.

பழக் கேக் அப்படியில்லை. அது பேக்கிங் பவுடரை நம்பி எழும்புவதில்லை. கால் கிலோ மைதா, கால் கிலோ வெண்ணெய், கால் கிலோ சர்க்கரை, ஐந்து முட்டை, அரைக் கிலோ உலர்பழம், முந்திரி என்று கனமாக இருப்பதால் உயரம் அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன் போதும். 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிதானமாக வெந்தால் போதும். பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும், நாளாக ஆக ருசியும் கூடும். மலைக்கென்றே அமைந்த கேக் என்று எனக்குத் தோன்றும்.

டிசம்பரில் வெண்ணெய்தான் சோதிக்கும். எங்கள் சமையலறை காலையில் 14, 15 டிகிரி இருக்கும். வெண்ணெய் கல்லாகக் கிடக்கும், குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துவிடும். முட்டையைக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வையுங்கள். வெண்ணெய்ப் பாத்திரத்தையும் இளஞ்சூட்டுத் தண்ணீர் மேல் வைத்து, உருகாமல் இளகும் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தை ரம்மில் ஊற வைப்பதா, ஆரஞ்சுச் சாற்றிலா என்று தங்கை மகள் கேட்டாள். வீட்டுக்கு எது பிடிக்குமோ அது. விற்பனைக்குச் சாறுதான். எங்கள் தெருவில் மது தொடாத வீடுகள் பல, அவர்களும் நிம்மதியாக வாங்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: ரம்மில் ஊறிய பழம் இரண்டு மாதம் கெடாது, சாற்றில் ஊறியது புளித்துவிடும். அதை ஃப்ரிட்ஜில் ஒரு நாள் ஊற வைத்து உடனே பயன்படுத்திவிட வேண்டும்.

சரி, பணக் கணக்கு. போன வருடம் ஒரு கிலோ பழக் கேக்குக்குக் கரண்ட், அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு 430 ரூபாய் அடக்கம் ஆனது. 700-க்கு விற்றேன், மிச்சம் 270. என் ஓவனில் ஒரு தடவைக்கு இரண்டு கிலோ, அதற்கு ஆயத்தம் உட்பட இரண்டரை மணி நேரம். முழுக் கூரையையும் கேக்கிலேயே போட வேண்டுமென்றால் 112 கிலோ செய்ய வேண்டும், 56 தடவை ஓவனை ஏற்ற வேண்டும், 140 மணி நேரம் ஆகும். நடக்கிற காரியமா? அதனால் கேக் வீட்டுக்கு, அப்புறம் முன்கூட்டியே சொல்லிவைக்கிற இருபது பேருக்கு. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் பாதி வெந்த கேக்கை என்ன செய்வது என்றும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கேக் ஓரளவு இறுகியிருந்தால் ஓவன் கதவைத் திறக்காமல் அப்படியே விட்டால் உள்சூட்டில் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் அடி கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி, கேஸ் அடுப்பில் பத்து நிமிடம் சூடாக்கி, கேக் டின்னை அதற்குள் மாற்றிவிடலாம். எனக்கு இரண்டு முறை கை கொடுத்திருக்கிறது. புதிதாக ஓவன் வாங்குகிறவர்கள் பழைய வீட்டு வயரிங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1,500 வாட் ஓவனுக்குப் பெரிய பவர் பிளக் கட்டாயம் வேண்டும்.

ஜாம் விஷயத்தில் நான் மெதுவாகத்தான் மனம் மாறினேன். கேக்கோடு வைத்துப் பார்த்தால் ஜாம் ஏதோ சாதாரணப் பண்டம் மாதிரித் தெரியும். ஆனால் பொதுக் காரியத்துக்கு அதுதான் சரியான பண்டம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மே, ஜூனில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிளம் பழம் குவியும். அப்போது மூன்று கிலோ வாங்கி, கொட்டை நீக்கி, இரண்டேகால் கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் 250 கிராம் பாட்டில் பதினைந்து கிடைக்கும். பழம் 240, சர்க்கரை 100, கேஸ் 65, பாட்டில்கள் 270, ஆக மொத்தம் 675. ஒரு பாட்டில் அடக்கம் 45 ரூபாய். 120-க்கு விற்றால் 75 மிச்சம். மூன்று மணி நேர வேலைக்கு 1,125 ரூபாய். அதே அளவு நேரத்தில் கேக்கில் 650 ரூபாய்கூட மிஞ்சுவதில்லை.

இதைவிடப் பெரிய வசதி, ஜூனில் செய்தது டிசம்பரில் அப்படியே அலமாரியில் இருக்கும் என்பது. ஜாமின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும்படி காய்ச்சினால் கிருமிகள் வளரத் தண்ணீர் மிஞ்சாது. அதனால் விற்பனைக்கு முந்தின வாரம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், கரண்ட் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் காரியம் நிற்காது. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர்களுக்கு இந்த நிம்மதி பெரிது.

மலை உயரம் இங்கேயும் தன் வேலையைக் காட்டும். முதல் வருடம் தெர்மாமீட்டர் வாங்கி, ஜாம் 105 டிகிரி வரட்டும் என்று காத்திருந்தேன். எட்டு பாட்டிலும் இறுகி, ஸ்பூன் இறங்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 105 என்றால் இங்கே 99 வந்ததுமே ஜாம் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது தெர்மாமீட்டரை நம்பி மட்டும் இருப்பதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பார்ப்பேன். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். எந்த ஊரிலும் பொய் சொல்லாத சோதனை இது.

பாட்டில்களைக் கொதிக்க வைப்பதிலும் இதே கணக்குதான். சமவெளியில் பத்து நிமிடம் என்றால் இங்கே பதினாறு நிமிடம் கொதிக்க விடுங்கள். ஈரம் இல்லாமல் உலர்த்தி, பாட்டிலும் ஜாமும் இரண்டும் சூடாக இருக்கும்போதே ஊற்றி மூட வேண்டும்.

எந்தப் பழம் என்பதும் முக்கியம். பிளம்மில் புளிப்பும், ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் என்ற பொருளும் தானாகவே நிறைய இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் இறுகும். கொய்யாவும் அப்படியே. கொய்யா ஜெல்லி கண்ணாடிபோல் சிவந்து வரும்போது பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். ஸ்ட்ராபெர்ரியிலும் பீச்சிலும் பெக்டின் குறைவு, எலுமிச்சைச் சாறு பிழிந்தே ஆக வேண்டும். தாட்பூட் பழத்தின், அதாவது பேஷன் ஃப்ரூட்டின், வாசத்துக்கு ஈடே இல்லை, ஆனால் சாறு தனியாக இறுகாது. அதன் தோலை வேகவைத்து உள் சதையைச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். பிளம் சீசனைத் தவறவிட்டவர்கள் இப்போது கொய்யாவுக்குப் போகலாம், ஆரஞ்சு மார்மலேடும் செய்யலாம்.

ஜாமின் குறை ஒன்றுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுத்தால் முகம் மலர்வதில்லை. கேக் டப்பாவைத் திறக்கும்போது பிள்ளைகள் கண்ணில் வரும் வெளிச்சம் ஜாம் பாட்டிலுக்கு வராது. உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாக்லேட். மணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால் இதுதான் முதலிடம். காம்பவுண்ட் சாக்லேட் கட்டியை உருக்கி, வறுத்த முந்திரி, உலர்திராட்சை போட்டு அச்சில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோ ஆகிவிடும். எனக்குக் கிலோவுக்கு 480 அடக்கம், 800-க்கு விற்றால் 320 மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு 640 ரூபாய் நிற்கிறது. பிறகு ஏன் தயங்குகிறேன்? ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் எங்கே திரும்பினாலும் ஹோம்மேட் சாக்லேட் கடை. நம் விற்பனைக்கு வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை, அக்கம்பக்கத்தார். தெருமுனையில் கிடைப்பதை அவர்கள் எதற்கு நம்மிடம் வாங்க வேண்டும்? நம் மேலுள்ள அன்புக்காகக் கால் கிலோ வாங்குவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கோயம்புத்தூர், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இது பிடித்த பண்டம். மலையிலிருந்து வந்தது என்று ஆசையாக வாங்குவார்கள். டிசம்பரில் இரவு பஸ்ஸில் அனுப்பினால் உருகாமல் போய்ச் சேரும். ஏப்ரலில் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் பாகாகிவிடும்.

காம்பவுண்ட்டா, நிஜக் கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டா என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. காம்பவுண்ட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி ஊற்றினால் போதும், தானாக உறையும். கோகோ வெண்ணெய் உள்ள கருப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 வரை ஆற்றி, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவந்தால்தான் பளபளப்பும் 'டக்' என்று உடையும் பதமும் வரும். 2024-ல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய பிறகு அந்தச் சாக்லேட் கை வைக்க முடியாத விலைக்குப் போனது. ஆகவே விற்பனைக்குக் காம்பவுண்ட்தான், அதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவேன். நிஜச் சாக்லேட் என் பேரனின் பிறந்தநாளுக்கு மட்டும், அரைக் கிலோ. இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கலவை கட்டிதட்டிவிடும். மழை நாளில் சமையலறையில் வேறு எதையும் கொதிக்க வைக்காதீர்கள்.

பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை நடுங்கும் புதியவர்களும் செய்யலாம், பிள்ளைகளும் உடன் உட்கார்ந்து உருட்டலாம். கிலோவுக்கு 230 ரூபாய் மிஞ்சும், மணிக்கு ஒரு கிலோ ஆகும். ராகியில் இழுபடும் பசைத்தன்மை இல்லாததால் முழுக்க ராகி மாவில் செய்தால் உதிர்ந்துவிடும், பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேருங்கள். மலை ஈரத்தில் பிஸ்கட் நமுத்துப்போகும், அப்படியானால் 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

பன்னும் பிரெட்டும் வீட்டுக்கு மட்டும், இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. ஊட்டியின் மொறுமொறு அடுக்குப் பண்டமான வர்க்கியை வீட்டில் முயற்சி செய்யலாமா என்று தங்கை மகள் ஆசைப்பட்டாள். வேண்டாம் என்றேன். அது விறகு அடுப்பிலும், தலைமுறையாக அடுக்கு மடித்த கைகளிலும் உருவாகிற பண்டம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பேக்கரியில் வாங்கி டீயில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை.

அப்புறம் குல்லா. சிஸ்டர் சொன்ன அன்றே கம்பளி நூல் வாங்கினேன். பெரியவர்களுக்கு ஒரு குல்லாவுக்குச் சுமார் 100 கிராம் நூல் பிடிக்கும், எனக்கு இரண்டு மாலைப் பொழுது ஆகும். விற்றுப் பணமாக்குவதற்கு இது சரிவராது. குளிர்காலத்தில் கடையில் விற்கும் மெஷின் குல்லாவின் விலைக்குக் கைப்பின்னலை விற்றால் நூல் காசுகூடத் தேறாது. ஆனால் கொடுப்பதற்கு இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம், கரண்ட் போனாலும் கை நிற்காது.

இதிலும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். குல்லாவோடு காலுறையும் பின்னலாம் என்று முதலில் நினைத்தேன். சிஸ்டர்தான் தடுத்தார். காவித் தரையில் கம்பளிக் காலுறை வழுக்கும், வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவ்வளவுதான் என்றார். குல்லாவும் மஃப்ளரும் போதும். நூலிலும், அசல் ஆட்டுக் கம்பளி வேண்டாம், அக்ரிலிக் வாங்குங்கள் என்றார். இல்லத்தில் எல்லாத் துணியையும் சுடுதண்ணீரில் ஒன்றாகத்தான் துவைப்பார்கள், அசல் கம்பளி சுருங்கிக் குழந்தைக் குல்லாவாகிவிடும். பிறந்த குழந்தைகளுக்குப் பின்னுகிறவர்கள் மென்மையான நூலாகப் பார்த்து எடுங்கள். பொத்தானும் நாடாவும் வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதானால் அங்கே வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

குல்லாவில் தோடர் பூத்தையல் மாதிரிச் சிவப்பும் கறுப்புமாகப் போட்டால் நன்றாக விற்குமே என்று ஒரு தோழி சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அது தோடர் பெண்களின் சொத்து, 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. பிடித்திருந்தால் அவர்கள் கையால் செய்ததை அவர்களிடமே வாங்குவோம்.

பணம் தொடர்பாக இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் பொதுக் காரியம்தானே என்று 430 ரூபாய் அடக்கமான கேக்கை 450-க்குக் கொடுத்துவிடுகிறார்கள். மணிக்கணக்கில் உழைத்துக் கிலோவுக்கு இருபது ரூபாய் சேர்ப்பதைவிட, அந்த 430-ஐ நேராக உண்டியலில் போட்டிருந்தால் காரியம் நடந்திருக்கும். முட்டை, வெண்ணெய் மட்டுமல்ல, கேஸ், கரண்ட், பெட்டி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல் பாதியாவது வைத்து விலை சொல்லுங்கள். எதற்காக விற்கிறோம் என்று அட்டையில் எழுதி வைத்தால் யாரும் பேரம் பேசுவதில்லை, இதை வருடா வருடம் பார்க்கிறேன்.

இன்னொன்று, பதிவு. 2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபத்துக்காகச் செய்தாலும் செய்யாவிட்டாலும் உணவு விற்பதை உணவுத் தொழில் என்றே பார்க்கிறது. வீட்டில் செய்து விற்கிறவர்கள் சிறு உணவு வணிகராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் செய்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே முடிந்தது. செய்த தேதி, போட்ட பொருட்கள், முட்டை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதுங்கள். முந்திரியும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். வெல்லமோ கருப்பட்டியோ தேனோ போட்டுவிட்டு 'சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாம்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். நம் கையால் ஒருவருக்குத் தீங்கு வந்துவிடக் கூடாது. பொட்டலத்துக்குப் பட்டர் பேப்பரும் அட்டையும் போதும். தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, நீலகிரியில் அதற்குப் பல வருடம் முன்பே கட்டுப்பாடு உண்டு. அதனால் கடைகளில் காகிதப் பெட்டிக்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் வைத்துத் தங்கை மகளும் நானும் போனிலேயே கணக்குப் போட்டோம். மூன்று வீட்டுக்காரர்களும் முதலில் தலைக்கு 3,000 ரூபாய் பணமாகவே போட்டுவிடுகிறோம், அது 9,000. மீதி 21,000. முன்பதிவுக் கேக் இருபது கிலோ, என் பொறுப்பு, அதில் 5,400 வரும். அவள் ஜூனில் காய்ச்சி வைத்த பிளம் ஜாம் 60 பாட்டில் இருக்கிறது, அதோடு கொய்யா ஜெல்லி 40 பாட்டில் சேர்த்தால் 7,500. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சாக்லேட் 15 கிலோ, அதில் 4,800. பிள்ளைகளை வைத்துச் செய்யும் பிஸ்கட் 12 கிலோ, 2,760. கூட்டிப் பார்த்தால் 20,460 வருகிறது. குறையும் 540-ஐ நான் போட்டுவிடுகிறேன் என்றேன். "வேண்டாம் பெரியம்மா, நான் ரெண்டு கிலோ கேக் கூடப் போட்டுடறேன்" என்றாள். பாதிப் பாதி என்று முடிவானது.

வீட்டுக்கு எப்போதும்போல் பழக் கேக்தான். அருவங்காட்டு ஆன்ட்டி இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், முதல் டப்பா அவருக்குப் போகும். முதியோர் இல்லத்துக்கு இந்த வருடம் 22 குல்லா, அதில் ஒன்பது முடிந்துவிட்டது. நாளை காலை மார்க்கெட்டுக்குப் போய்க் கொய்யா விலை கேட்க வேண்டும், உலர்திராட்சையும் வாங்க வேண்டும். ஜனவரி முதல் வாரம் மழை ஓய்ந்ததும் கூரையைப் பிரிக்கலாம் என்று வேலைக்காரர் சொல்லியிருக்கிறார்.